முப்பத்தாறாம் நம்பர் பாட்டில்

ஆலையில் அவளைக் கிடங்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷம் பீப்பாய்க் கிடங்கின் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்து, "மூணாவது வரிசையில ஏதோ கசியுது" என்று சொல்வாள். போய்ப் பார்த்தால் கசிந்திருக்கும். பீப்பாய் செய்கிறவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். "உனக்கு மூக்கா இல்ல மோப்ப நாயா?" என்று கேலி செய்துகொண்டே ஓட்டையை அடைக்க வருவார்.

விஸ்கியைக் குளிர்ப் பிரதேசத்தில் பீப்பாயில் ஊற்றிவிட்டு முப்பது வருஷம் மறந்துவிடலாம். வெயில் ஊரில் அப்படி மறந்தால் கடைசியில் பீப்பாய்தான் மிஞ்சும். வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். அதனால் இந்திய சிங்கிள் மால்ட் விஸ்கியை ஐந்து வருஷம், ஆறு வருஷம் வைத்து எடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு பீப்பாயை மட்டும் கிடங்கம்மா யாரையும் தொட விடவில்லை. வடகிழக்கு மூலையில், சுவரின் ஈரம் படுகிற இடத்தில் கிடந்தது அது. மேலாளர்கள் மாறினார்கள், முதலாளிகூட மாறினார். "அது இன்னும் தயாராகல" என்றே எல்லோரிடமும் சொல்லிவந்தாள். பத்தொன்பது வருஷம் கழித்துத் திறந்தபோது, இருநூறு லிட்டர் ஊற்றியதில் இருபத்தேழு லிட்டர் இருந்தது. முப்பத்தாறு பாட்டில். கரும்பச்சைக் கண்ணாடி, கையால் அடித்த தக்கை, அதன்மேல் சிவப்பு மெழுகு. நாட்டில் அதுவரை அவ்வளவு வயதான சரக்கு வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டாம் நம்பரைப் பீப்பாய்க்காரருக்கும் கடைசி நம்பரைக் கிடங்கம்மாவுக்கும் ஆலை மரியாதையாகக் கொடுத்தது. அடுத்த வருஷம் ஆலையையே மூடிவிட்டார்கள்.

கிடங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பியோடு இருந்தாள். அவன் மனைவியை இழந்தவன், பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாட்டில் சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பின்னால் நின்றது. "அக்கா, ஒரு நாளைக்கு மறந்துபோய் இதுல கத்திரிக்காய் வதக்கிடப் போறேன்" என்பான் தம்பி.

ஆலை மூடிய நாலாவது வருஷம், ஒரு காலை வேளையில், கையுறைக்காரர் வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். நல்ல துணி, நல்ல செருப்பு, தணிந்த குரல். கையில் மெல்லிய வெள்ளைப் பருத்தி உறை. தண்ணீர் கொடுத்தபோதும் அதைக் கழற்றவில்லை. பின்னால் ஒரு தடித்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"நான் பழைய விஸ்கி சேர்க்கிறவன்மா. உங்க பீப்பாயோட ஒண்ணாம் நம்பர் என்கிட்டதான் இருக்கு. உங்ககிட்ட இருக்கிறதை ஒரு தடவை பாக்கலாமா?"

கிடங்கம்மா எடுத்து வந்தாள். தன் கைவேலையை ஒருவர் தேடி வந்து பார்க்கிறார் என்பதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அவர் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, மெழுகைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், தடித்த ஆளிடம் காட்டிப் படம் எடுக்கச் சொன்னார்.

"மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் கிடங்கம்மா. பிள்ளைகளை விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"தெரியும்மா. ஒவ்வொண்ணும் தெரியும்." அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. "ஒன்பதாம் நம்பர் வச்சிருந்தவர் வீடு தீப்பிடிச்சிருச்சு. பதினாலு, வீடு மாத்தும்போது கைதவறிப் போச்சு. இருபத்திரண்டாம் நம்பர்காரர், பாவம், மாடிப்படியில வழுக்கி விழுந்தார். அவர் பிள்ளைங்களுக்கு அதோட அருமை தெரியல. துக்கத்துக்கு வந்தவங்களோட உட்கார்ந்து குடிச்சே தீர்த்துட்டாங்க. பதினெட்டு பாட்டில் நானே வாங்கினேன்."

"அப்ப உங்ககிட்ட பத்தொன்பது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு" என்றார் அவர்.

அவள் கணக்குப் புரியாமல் பார்த்தாள். அவர் எழுந்துகொண்டார். விற்கிற எண்ணம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், பின்பக்கக் கதவைப் பார்த்தார், "பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

"வாங்க வந்தவன் விலை கேக்காமப் போறான். எனக்கு இது சரியாப் படலக்கா" என்றான் தம்பி.

அவளுக்கும் சரியாகப் படவில்லை. பீப்பாய்க்காரருக்குப் போன் போட்டாள்.

"இங்கயும் வந்தான்மா, போன வாரம்" என்றார் அவர். "பாத்துட்டுப் போயிட்டான். நல்ல மனுஷன்மாதிரிதான் தெரிஞ்சுது. நீ ஏன் பதறுறே? நம்ம கிழட்டு மூஞ்சிக்கு எவன் வந்து என்ன செய்யப் போறான்?"

ஒன்பது நாள் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். அப்பா ஆஸ்பத்திரியில்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கிடங்கம்மா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பீப்பாய்க்காரர் வழக்கம்போலச் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

"ரெண்டு பேரும்மா. மூஞ்சியில துணி. பட்டப்பகல், மகள் வேலைக்குப் போயிருந்தா. பீரோ திறந்துதான் இருந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. பாட்டிலை எடுத்தானுங்க. சரி, எடுத்துட்டுப் போகட்டும்னு பாத்தா, போகல. என் கண்ணு முன்னாடி குளியலறைத் தொட்டியில மெழுகை அறுத்து, தக்கையைப் பிடுங்கி, கவுத்துட்டானுங்க. ஒருத்தன் ஊத்தறான், இன்னொருத்தன் படம் எடுக்கறான். கடைசிச் சொட்டு வரைக்கும். அந்த வாசனை வந்துச்சு பாரு..." கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "பத்தொன்பது வருஷ வாசனைம்மா. பொறுக்கல எனக்கு. எழுந்து கையைப் பிடிச்சேன். தள்ளிவிட்டுட்டான். பாட்டில் விழுந்து உடைஞ்சுது. அந்தக் கண்ணாடித் துண்டையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டுப் போனானுங்க."

"போலீஸ்ல சொன்னீங்களா அண்ணே?"

"மகள் போய்ச் சொன்னா. திருடன் சரக்கைக் கீழ ஊத்திட்டுப் போனான்னா எவன் நம்புவான்? 'பெரியவர் கொஞ்சம் போட்டிருந்தாரா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிடங்கம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். தீயில் ஒன்று, தரையில் ஒன்று, தொட்டியில் ஒன்று. கையுறைக்காரர் வருத்தத்தோடு சொன்ன ஒவ்வொரு கதையும் இப்போது வேறு மாதிரி கேட்டது. மாடிப்படியில் விழுந்தவர் தானாகத்தான் வழுக்கினாரா என்று கேட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கையுறைக்காரரிடமிருந்து போன் வந்தது. "நாளைக்கு மதியம் என் வீட்டுக்கு வாங்கம்மா. ஒண்ணாம் நம்பரை நீங்க பாக்கணும்னு ஆசைப்படறேன். கார் அனுப்பறேன்."

தம்பி தலையால் அடித்துக்கொண்டான். "தலையைக் கொடுக்கப் போறியா?"

"அவன் யாருன்னு தெரிஞ்சுக்காம இந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வராதுடா. பட்டப்பகல்தானே. நீ வீட்டை விட்டு நகராதே, கதவைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பழைய கைப்பையில் கிடங்கு டார்ச் கிடந்தது. அது எப்போதும் கிடப்பதுதான்.

பெரிய வீடு. உள்ளே ஆள் நடமாட்டமே இல்லை. கையுறைக்காரரே கதவைத் திறந்தார், அவரே தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. ஜன்னலே இல்லாத ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. அதில் கரும்பச்சைப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் நம்பர், பக்கத்தில் ஒரு படம். கிடங்கம்மா அருகில் போய்ப் பார்த்தாள். எல்லாமே காலி. படங்களில் ஒரு தொட்டி, ஒரு சாக்கடை, ஒரு தோட்டத்து மண், எங்கோ ஒரு கழிப்பறை. ஒன்பதாம் நம்பருக்கு உருகிப்போன கண்ணாடிக் கட்டி. பன்னிரண்டாம் நம்பருக்கு ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் உடைந்த துண்டுகள். ஒரு துண்டில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அது விஸ்கி இல்லை என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் கீழே முப்பத்தாறு என்று ஏற்கனவே எழுதி ஒட்டியிருந்தது.

நடுவில், தனி மேடையில், மேலிருந்து கொட்டுகிற விளக்கு வெளிச்சத்தில் ஒண்ணாம் நம்பர் நின்றது.

"முப்பத்தாறு இருந்தா அது சரக்கும்மா. பத்து இருந்தா அபூர்வம். ஒண்ணே ஒண்ணுதான்னா அதுக்குப் பேரே கிடையாது" என்றார் அவர். கோவிலில் பேசுவதுபோலக் குரல் இறங்கியிருந்தது. "இதை உருவாக்கினவங்க நீங்க. நீங்க இதைப் புரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க இதைக் குடிச்சதே இல்லையா?"

"திறந்தா போச்சே!"

அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். அன்றைக்குக் கூடவே வந்த தடித்த ஆளைக் காணவில்லை. கார் ஓட்டி வந்ததும் வேறு யாரோ.

"உங்ககூட ஒருத்தர் வந்தாரே, அவர் எங்க?"

"ஒரு வேலையா அனுப்பியிருக்கேன்" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

கிடங்கம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னைக் கூப்பிட்டது எதையும் காட்டுவதற்காக இல்லை, வீட்டிலிருந்து நகர்த்துவதற்காக. வீட்டில் தம்பி தனியாக இருக்கிறான். அவன் பீப்பாய்க்காரரைவிடக் கோபக்காரன், எழுந்து கையைப் பிடிக்காமல் இருக்கமாட்டான். ஓடிப்போகவும் முடியாது, கத்தியும் பயனில்லை. அவள் கண் தானாகவே ஒண்ணாம் நம்பரிடம் போனது. மேலே அந்த விளக்கு. எத்தனை வருஷமாக அப்படி எரிகிறதோ!

"பின்னாடியிருந்து ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றாள். அவர் யோசிப்பதற்குள் டார்ச்சை எடுத்துப் பாட்டிலின் பின்புறம் வைத்து அழுத்தினாள்.

கரும்பச்சைக் கண்ணாடிக்குள் முன்னாலிருந்து எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் ஒன்றும் தெரியாது. பின்னாலிருந்து அடித்தால்தான் தெரியும். கிடங்கில் இருந்தவர்களுக்கு அது பழக்கம். கழுத்தருகே நிற்கவேண்டிய மட்டம் நாலு விரல் இறங்கியிருந்தது. பொன்னிறமாக மின்ன வேண்டியது கலங்கல் தண்ணீர்போல இருந்தது. அதில் தூள்தூளாகப் பழுப்புத் துணுக்குகள் மிதந்தன.

"ஐயா, இது செத்துப்போச்சு."

"என்ன?"

"பாருங்க. தக்கை நொறுங்கி உள்ள விழுந்திருக்கு. முதல் ஏழெட்டு பாட்டிலுக்கு அடிச்சது பழைய மூட்டையில இருந்த தக்கை. வேண்டாம்னு அன்னிக்கே கத்தினேன், யாரும் கேக்கல. அதுக்கு மேல நீங்க இந்த விளக்கை வேற போட்டு வேகவச்சிருக்கீங்க. மெழுகு மேல இருக்கறதால உங்களுக்குத் தெரியல. உள்ள இருந்தது எப்பவோ போயிருச்சு."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உறை போட்ட விரல் ஒன்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு எடுத்தது.

"இப்ப உலகத்துல உயிரோட இருக்கறது ஒண்ணுதான். அது என் வீட்டு அலமாரியில இருக்கு" என்றாள் கிடங்கம்மா. டார்ச்சை அணைத்தாள். "உங்க ஆள் அதைக் கவுத்துட்டான்னா அப்புறம் ஒண்ணுமே கிடையாது. சட்டுனு போனைப் போடுங்க."

அவர் சட்டைப்பையில் கைவிட்டார். போனை எடுத்த கை உறையோடு வழுக்கியது. பல்லால் கடித்து உறையை இழுத்துப் போட்டுவிட்டு நம்பரைத் தட்டினார். "வேண்டாம். வச்சுடு. அங்கயே வச்சுட்டு வெளிய வா. ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கிடங்கம்மா வெளியே நடந்தாள். காரில் ஏறவில்லை. மூன்று தெரு தாண்டிப்போய் ஆட்டோ பிடித்தாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தம்பி சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. சட்டைப் பொத்தான் இரண்டைக் காணவில்லை.

"மீட்டர் பாக்க வந்தேன்னான். திறக்கலக்கா, சத்தியமா. உடைச்சுட்டானுங்க" என்றான். "பாட்டிலைத் தொட்டிகிட்டக் கொண்டு போயிட்டானுங்க. கத்தியை எடுத்து மெழுகுல வச்சான். போன் அடிச்சுது. அப்படியே வச்சுட்டுப் போயிட்டானுங்க. என்னக்கா நடக்குது?"

பாட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் நின்றது. சிவப்பு மெழுகில் அரை வட்டத்துக்குக் கத்தி பட்ட கோடு.

கிடங்கம்மா முதலில் தம்பியின் உதட்டைத் துடைத்து மருந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் இதை உடைக்கத் தேடினான். இனிமேல் இதைக் காப்பாற்றத் தேடுவான். அது முன்னதைவிட மோசம் என்று அவளுக்குத் தோன்றியது. இது இந்த வீட்டில் இருக்கிறவரை இந்த வீடு அவனுடையதுதான்.

"சட்டையை மாத்துடா. அண்ணன் வீட்டுக்குப் போலாம்."

பீப்பாய்க்காரரை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருந்தாள் மகள். கிடங்கம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்ததும் அவர் பதறினார்.

"அதை ஏம்மா வெளிய எடுத்துட்டு வந்தே? யாராவது பாத்தா..."

"குடிக்கறதுக்கு அண்ணே."

"என்னது?"

"நாம பண்ணதை நாம ஒரு வாய் குடிச்சதில்லையே. பத்தொன்பது வருஷம் மோந்துதானே பாத்தோம்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மகளிடம், "டாக்டர் குடிக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார். "சொன்னாரே" என்றாள் மகள். "அப்ப நீ கொஞ்ச நேரம் வெளிய இரும்மா" என்றார்.

கத்திக்கோடு போட்ட இடத்திலிருந்தே மெழுகை உரித்தாள். தக்கை முழுசாக, ஈரமாக, சின்ன முனகலோடு வந்தது. அறை முழுக்க ஒரு வாசனை நிறைந்தது. காய்ந்த பழம், பழைய மரம், மழை பெய்து ஓய்ந்த சுவர். தம்பிகூட மூக்கை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தான். மூன்று எவர்சில்வர் டம்ளர். பீப்பாய்க்காரர் ஒரு மிடறு குடித்துவிட்டு வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது, "அந்த மூலையை விட்டு நகத்த வேண்டாம்னு நீ அன்னிக்குப் பிடிவாதம் பிடிச்சது சரிதான்" என்றார். தானும் ஒரு வாய் குடித்தபின் மிச்சத்தைக் கிடங்கம்மா அக்கம்பக்கத்தில் யார் யார் குடிப்பார்கள் என்று கேட்டுக் கூப்பிட்டு ஊற்றினாள். எதிர்வீட்டுக் கொத்தனார் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார். விளக்கு வைப்பதற்குள் பாட்டில் காலியாகிவிட்டது. பீப்பாய்க்காரரின் மகள் அதை ஒரு படம் எடுத்தாள். கிடங்கம்மா சொல்லித்தான் எடுத்தாள், அவள் சொன்னபடி கையுறைக்காரரின் போனுக்குத்தான் அனுப்பினாள்.

அரை நிமிஷத்தில் போன் வந்தது.

ஏசுவார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்தாள். மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சின்னப் பிள்ளைபோல, மெதுவாக ஒரு கேள்வி.

"எப்படி இருந்துச்சு?"

அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க ஒரு மனுஷன் இடுப்பு உடைஞ்சு கிடக்கறார். நேர்ல வந்து அவர் முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் சொல்றேன்."

"யாரு?" என்றார் அவர்.

நடிப்பில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நம்பர் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். கிடங்கம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் தம்பியையும் பீப்பாய்க்காரரின் மகளையும் கூட்டிக்கொண்டு போலீஸுக்குப் போய், அந்த அறையில் பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள். மாடிப்படியில் விழுந்தவரையும் எழுதினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தபோது அந்த அறையில் அலமாரியே இல்லையாம், புதிதாக வெள்ளை அடித்திருந்ததாம். தடித்த ஆள் கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

பதினைந்து நாள் கழித்து யாரோ வாசலில் ஒரு சின்னப் பார்சலை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே பஞ்சில் பொதிந்த விரல் நீளக் குப்பி. அதில் கலங்கிய பழுப்புத் திரவம், அடியில் தக்கைத் தூள். கூட ஒரு சீட்டு: "திறந்துட்டேன். எனக்குத் தெரியல. கெட்டுப்போச்சா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். உங்களை விட்டா வேற யாரும் இல்ல."

"விஷமா இருக்குமாக்கா?" என்றான் தம்பி.

"தெரியாது."

"மோந்து பாத்தா உனக்குத் தெரியாதா?"

தெரியும். வாழ்நாள் முழுக்க அவள் மோந்து பார்க்காமல் எதையும் விட்டதில்லை. மூடியின்மேல் வைத்த விரல்கூடத் தானாக அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியோடு பின்பக்கம் போனாள். குழாயடி மண்ணில் காலால் ஒரு குழி பறித்து, திறக்காமல் அப்படியே போட்டு, மூடி மிதித்தாள்.

அன்று மாலையே வேறு வீடு பார்க்கக் கிளம்பினார்கள். கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. தம்பி அவளைப் பார்த்தான். அவள் சாவியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். தெருமுனை திரும்பும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.